நம் ராணுவமா, எங்கள் ராணுவமா? ரீகாவில் ஒரு ரஷ்யத் தொலைக்காட்சி பட்ட பாடு

ரஷ்ய மொழியில் 'நாஷ்' என்று ஒரு சொல். அதைத் தமிழில் எழுத உட்கார்ந்தால் கை சற்று நின்றுவிடும். 'நம்' என்று போடுவதா, 'எங்கள்' என்று போடுவதா? எதிரே இருப்பவரையும் சேர்த்துக்கொண்டால் நம் ஊர். அவரை வெளியூர்க்காரராக வைத்துப் பேசினால் எங்கள் ஊர். நமக்கு இது யோசிக்காமலே வந்துவிடுகிறது. ரஷ்ய மொழியில் அந்தப் பிரிவு இல்லை. இரண்டுக்கும் ஒரே சொல்தான்.

2022 டிசம்பர் தொடக்கத்தில் இந்தச் சொல் ஒரு தொலைக்காட்சிக்குப் பத்தாயிரம் யூரோ செலவு வைத்தது. ரஷ்ய ராணுவத்தை 'நாஷா ஆர்மியா' என்று நிகழ்ச்சியில் குறிப்பிட்டார்கள், உக்ரைனுக்குரிய கிரீமியாவை ரஷ்யாவோடு சேர்த்துக் காட்டும் வரைபடத்தைத் திரையில் போட்டார்கள் என்று லாத்வியாவின் ஒளிபரப்பு ஒழுங்குமுறை ஆணையம் அபராதம் விதித்தது. சில நாட்களில் உரிமமே போனது. காரணமாகச் சொல்லப்பட்டது, நாட்டின் பாதுகாப்புக்கு அச்சுறுத்தல்.

புதின் அரசின் ஊதுகுழல் எதற்கோ நடந்ததல்ல இது. உக்ரைன் போரைப் போர் என்று சொன்னதற்காக மாஸ்கோவில் முடக்கப்பட்டு, பெட்டியைத் தூக்கிக்கொண்டு லாத்வியத் தலைநகர் ரீகாவுக்கு ஓடிவந்த 'தோஷ்த்' தொலைக்காட்சிக்கு நடந்தது. தோஷ்த் என்றால் மழை.

முன்கதை

தோஷ்த் 2010 ஏப்ரலில் மாஸ்கோவில் தொடங்கியது. நிறுவியவர் நத்தாலியா சிந்தியேவா. ரோஜா நிறத்தில் முத்திரை, 'நம்பிக்கையூட்டும் சேனல்' என்று முழக்கம். நகரத்து நடுத்தர வர்க்க இளைஞர்களுக்கான நாகரிகமான சேனலாகத்தான் முதலில் இருந்தது. அதிபராக இருந்த மெத்வெதேவ் 2011-இல் அவர்களுடைய ஸ்டுடியோவுக்கே வந்து போனார். அப்படியும் ஒரு காலம் இருந்தது.

அடி 2014 ஜனவரியில் விழுந்தது. இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியர் போட்ட லெனின்கிராட் முற்றுகை விலகிய எழுபதாம் ஆண்டு நினைவையொட்டி, லட்சக்கணக்கான உயிர்களைக் காப்பாற்ற அந்த நகரத்தை எதிரியிடம் ஒப்படைத்திருக்க வேண்டுமா என்று நேயர்களிடம் ஒரு கேள்வி கேட்டார்கள். கொஞ்ச நேரத்தில் நீக்கி மன்னிப்பும் கேட்டார்கள். ஆனாலும் கேபிள் நிறுவனங்கள் ஒன்றன்பின் ஒன்றாகச் சேனலைக் கழற்றிவிட்டன. அப்புறம் வாடகை இடமும் போய், ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பிலிருந்து ஒளிபரப்ப வேண்டியதாயிற்று. சந்தா கட்டியவர்களாலும் இணையத்தாலும் பிழைத்துக்கொண்டார்கள்.

இந்த 2014 கதையை மனதில் வைத்துக்கொள்வது நல்லது. ஒரு தவறான வாக்கியம், உடனே மன்னிப்பு, ஆனால் மன்னிப்பு எடுபடாமல் போவது என்ற வரிசை எட்டு வருடம் கழித்து இன்னொரு நாட்டில் திரும்ப வரும்.

2021 ஆகஸ்டில் 'அந்நிய முகவர்' என்று ரஷ்ய அரசு முத்திரை குத்தியது. 2022 பிப்ரவரி 24 அன்று போர் தொடங்கியது. மார்ச் 1 அன்று இணையதளம் முடக்கப்பட்டது. மார்ச் 3 அன்று ஊழியர்கள் ஸ்டுடியோவில் கூடி நின்றார்கள். போர் வேண்டாம் என்று சொன்னார்கள், அப்படியே எழுந்து வெளியே போனார்கள். திரையில் காலி ஸ்டுடியோ. அதன்பின் 'அன்ன ஏரி' பாலே நடனம் ஓடியது. ரஷ்யர்களுக்கு இதற்கு விளக்கவுரை தேவையில்லை. 1991 ஆகஸ்டில் ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சி நடந்து மாஸ்கோ தெருக்களில் டாங்கிகள் நின்றபோது சோவியத் தொலைக்காட்சி திரும்பத் திரும்பப் போட்டது இந்த நடனத்தைத்தான். மறுநாளே ராணுவத்தைப் பற்றிப் 'பொய்ச் செய்தி' பரப்பினால் 15 ஆண்டு வரை சிறை என்ற சட்டம் வந்தது. தலைமை ஆசிரியர் தீகோன் ஜியாத்கோவும் செய்திப் பிரிவின் தலைவரும் அவருடைய மனைவியுமான எகத்தெரீனா கொத்ரிகாத்சேவும் அதற்குள் நாட்டைவிட்டு வெளியேறியிருந்தார்கள்.

ஏன் ரீகா?

புலம்பெயர்ந்த ரஷ்யப் பத்திரிகைக்காரர்களுக்கு ரீகா புது ஊர் அல்ல. 'மெதூசா' இணைய இதழ் 2014-லிருந்து அங்கிருந்துதான் இயங்குகிறது. 2022-இல் 'நோவாயா கசெத்தா ஐரோப்பா' இதழும் அங்கே வந்து சேர்ந்தது. கடையில், டாக்ஸியில், வங்கியில் ரஷ்யமொழி பேசிச் சமாளிக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் இருக்கும் ஊர். மாஸ்கோ நேரத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை.

2022 ஜூனில் தோஷ்த்துக்கு லாத்விய உரிமம் கிடைத்தது. ரஷ்யாவில் பதிவான சேனல்களை லாத்வியா தன் கேபிளிலிருந்து மொத்தமாக வெளியேற்றியதும் அதே ஜூனில்தான். அதாவது ஒரு கதவை அறைந்து மூடிய கையே இவர்களுக்கு இன்னொரு கதவைத் திறந்துவிட்டது. ஜூலை 18 அன்று ஒளிபரப்பு மீண்டும் தொடங்கியது.

இங்கே ஒரு கேள்வி வரும். பார்வையாளர்களில் பெரும்பாலோர் யூடியூபில் பார்க்கிறார்கள். யூடியூபுக்கு உரிமம் எதற்கு? தேவையில்லைதான். ஆனால் நாடுவிட்டு நாடு வந்த ஒரு நிறுவனத்துக்கு உரிமம் என்பது ஒளிபரப்பு அனுமதி மட்டுமல்ல. அதைக் காட்டித்தான் வங்கிக் கணக்கு, ஊழியர்களுக்கு விசா, ஐரோப்பாவின் மற்ற கேபிள் நிறுவனங்களோடு பேரம். ஒரு நாட்டில் வாங்கினால் ஒன்றியம் முழுக்கச் செல்லும். கூடவே கடமைகளும் வரும். லாத்விய மொழியிலும் நிகழ்ச்சி புரியும்படி ஏற்பாடு இருக்க வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. அதில் தோஷ்த் ஆரம்பத்திலேயே தடுமாறி ஒரு சின்ன அபராதம் வாங்கியது.

இன்னொரு விளைவும் உண்டு. இந்த வழக்கின் மையம் அதுதான் என்று நினைக்கிறேன், ஆனால் அப்போது அதைப் பெரிதாக யாரும் பேசவில்லை. கேபிளில் வந்ததும் தோஷ்த்துக்கு இரண்டாவது வகைப் பார்வையாளர் சேர்ந்துவிட்டார். முதல் வகை, மாஸ்கோவிலோ நோவோசிபிர்ஸ்க்கிலோ வி.பி.என். போட்டுக்கொண்டு யூடியூப் பார்க்கும் ரஷ்யக் குடிமகன். இரண்டாவது, தௌகவ்பில்ஸில் வீட்டில் உட்கார்ந்து ரிமோட்டை அழுத்தும் பாட்டி. ரஷ்யமொழி பேசுபவர், ஆனால் இருப்பது லாத்வியாவில். அறிவிப்பாளர் 'நாஷா ஆர்மியா' என்று சொல்வது முதல் ஆளைப் பார்த்து. அது இரண்டாவது ஆளின் காதிலும் விழுகிறது.

தமிழில் சொல்லிப் பார்த்தால் முடிச்சு தெரியும். மாஸ்கோக்காரரிடம் பேசும்போது 'நம் ராணுவம்'. லாத்வியப் பாட்டியிடம் 'எங்கள் ராணுவம்'. இரண்டும் வேறு வேறு வாக்கியங்கள். ரஷ்யமொழியில் ஒரே வாக்கியம். லாத்விய ஆணையம் பாட்டியின் நாற்காலியில் உட்கார்ந்து கேட்டது; அதற்கு 'நம்' என்று கேட்டது. ஓர் அறிவிப்பாளர் லாத்விய மண்ணில் லாத்வியக் குடிமக்களையும் சேர்த்துக்கொண்டு ரஷ்யப் படையை 'நம் படை' என்கிறார் என்று எடுத்துக்கொண்டால், கோபம் வருவதில் ஆச்சரியமில்லை.

அந்தச் சொல்லின் பூர்வீகம்

'நாஷ்' வேறு காரணத்தாலும் ஏற்கெனவே கறைபட்ட சொல்லாக இருந்தது. 2005-இல் கிரெம்ளின் ஆதரவோடு கிளம்பிய இளைஞர் இயக்கத்தின் பெயரே 'நாஷி', நம்மவர்கள். 2014-இல் கிரீமியாவைப் பிடித்தபோது ஊரெங்கும் ஓடிய கோஷம் 'கிரிம்நாஷ்', கிரீமியா நம்முடையது. காந்த ஒட்டியிலும் டி-சர்ட்டிலும் அதுதான். எனவே லாத்வியாவில் ஒருவர் அந்த வரைபடத்தையும் இந்தச் சொல்லையும் ஒரே கோப்பில் வைத்துப் பார்த்ததைப் பைத்தியக்காரத்தனம் என்று தள்ளிவிட முடியாது.

ஆனால் 'நம்' என்ற சொல் பெருமைக்கு மட்டும் உரியதா? வீட்டுப் பிள்ளை தெருவில் ஒருவரை அடித்துவிட்டு வந்தால், 'நம்ம பையன்தான் பண்ணிட்டான்' என்று தலைகுனிந்து சொல்லும் தகப்பனுக்கும் அது தேவைப்படுகிறது. 'யாரோ ஒரு பையன்' என்று சொல்வது சுலபம், பொறுப்பும் கழன்றுவிடும். போரை எதிர்க்கும் ரஷ்யர் 'நம் ராணுவம் கார்கிவ் மீது குண்டு போடுகிறது' என்று சொன்னால், அது குற்றத்தை ஒப்புக்கொள்ளும் வாக்கியம். அவர் 'ரஷ்ய ராணுவம்' என்று மூன்றாம் மனிதராகச் சொல்வதுதான் எனக்கு உண்மையில் சங்கடமாகப் படும். ஆகவே அந்தச் சொல்லுக்குப் போட்ட அபராதம் தவறு என்பது என் கருத்து. வரைபடம் வேறு விஷயம். அது கவனக்குறைவு, அபராதத்துக்கு உரிய கவனக்குறைவு.

டிசம்பர் 1

அப்புறம் நடந்ததற்குச் சொல்லின் பன்முகத்தைக் காரணம் காட்ட முடியாது. செப்டம்பர் 21 அன்று புதின் பகுதி அணிதிரட்டலை, அதாவது போருக்குக் கட்டாய ஆள்சேர்ப்பை அறிவித்தார். மூன்று லட்சம் பேர் என்று கணக்கு சொன்னார்கள். இழுத்துச் செல்லப்பட்டவர்களின் வீடுகளிலிருந்து சரியான உடுப்பு இல்லை, கவச உடையைக் கைக்காசில் வாங்க வேண்டியிருக்கிறது என்று தகவல்கள் வந்தன. தோஷ்த் இந்தத் தகவல்களைத் திரட்டிச் செய்தியாக்கியது. நல்ல இதழியல்தான், அரசு சொல்வதற்கும் நடப்பதற்கும் உள்ள தூரத்தைக் காட்டுகிறது.

டிசம்பர் 1 அன்று 'இங்கே, இப்போது' நிகழ்ச்சியில் அறிவிப்பாளர் அலெக்சேய் கொரொஸ்தெல்யோவ், அணிதிரட்டல் பற்றியும் போர்முனைப் பிரச்சினைகள் பற்றியும் எழுதி அனுப்புங்கள் என்று நேயர்களைக் கேட்டுக்கொண்டார். அந்த மூச்சிலேயே, வீரர்கள் பலருக்கு எங்களால் உதவ முடிந்திருக்கும் என்று நம்புகிறோம் என்றும் சொன்னார். எதில் உதவி என்பதற்கு உதாரணமாக அவர் வாயில் வந்தவை: உபகரணம், போர்முனையில் அடிப்படை வசதிகள்.

அவர் சொல்ல வந்தது, நாங்கள் செய்தி போட்டதால் அதிகாரிகள் அசைந்து சிலருக்கு நிலைமை சரியாகியிருக்கும் என்பது. காதில் விழுந்தது, உக்ரைனில் சண்டை போடும் படைக்கு இந்தச் சேனல் சாமான் அனுப்புகிறது என்பது. ஆனால் முதல் பொருளிலேயே எடுத்துக்கொண்டாலும் உள்ளே ஒரு சிக்கல் இருக்கிறது. ஆக்கிரமிக்கப் போன படைவீரனுக்கு நல்ல பூட்ஸ் கிடைக்க வழிசெய்தால், அது யாருக்கு நல்லது? கட்டாயத்தில் இழுக்கப்பட்ட 22 வயதுப் பையனுக்கா, அவன் சுடப்போகும் ஆளுக்கா? நாடுகடந்து வாழும் எதிர்ப்பாளர்கள் இந்தக் கேள்வியைத் தங்களுக்குள் தீர்த்துக்கொள்ளாமலே வைத்திருந்தார்கள். கொரொஸ்தெல்யோவின் நாக்கு அதைத் தற்செயலாக வெளியே தள்ளிவிட்டது.

மறுநாள் ஜியாத்கோ மன்னிப்புக் கேட்டார். தோஷ்த் ரஷ்யப் படைக்கு எந்தப் பொருளும் திரட்டியதில்லை, திரட்டாது என்று சொன்னார். கொரொஸ்தெல்யோவை வேலையிலிருந்து நீக்கியதாகவும் அறிவித்தார். அதைக் கண்டித்துச் சக ஊழியர்கள் சிலர் தாங்களாகவே விலகினார்கள். லாத்வியாவின் அரசப் பாதுகாப்புச் சேவை விசாரணையைத் தொடங்கியது. ஆட்சியிலிருந்து போய்க்கொண்டிருந்த பாதுகாப்பு அமைச்சர் ஆர்த்திஸ் பாப்ரிக்ஸ், இவர்களை ரஷ்யாவுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்ற தொனியில் ட்விட்டரில் எழுதினார். ஒருவரை மாஸ்கோவுக்கு அனுப்பினால் அவர் அங்கிருந்து நேரே எங்கே போவார் என்பது அமைச்சருக்குத் தெரியாதது அல்ல.

டிசம்பர் 6 அன்று ஆணையம் உரிமத்தை ரத்து செய்தது. 8-ஆம் தேதி முதல் கேபிளில் தோஷ்த் இல்லை. ஆணையத்தின் தலைவர் இவார்ஸ் ஆபொலின்ஷ் சொன்ன காரணத்தின் சாரம், தாங்கள் செய்த மீறல்களின் கனம் சேனல் நிர்வாகத்துக்கு இன்னும் புரியவே இல்லை என்பது. குற்றச்சாட்டுகள் அநியாயம், அபத்தம் என்று சேனல் பதில் சொன்னது. அதுவே ஆபொலின்ஷுக்குத் தன் வாதத்துக்கான சான்றாகத் தெரிந்திருக்கும்.

சிந்தியேவா அந்த நாட்களிலேயே கண்ணீரோடு ஒரு காணொளி வெளியிட்டார். கொரொஸ்தெல்யோவை நீக்கியது தவறு என்றார், மன்னிப்புக் கேட்டார், திரும்பி வரச்சொன்னார். மனிதராகப் பார்த்தால் மதிக்க வேண்டிய செயல். நிர்வாகமாகப் பார்த்தால் இரண்டு பக்கமும் கெட்டுப்போனது. நீக்கியபோது சொந்த ஊழியர்கள் நம்பிக்கை இழந்தார்கள். நீக்கியதற்கு வருந்தியபோது, அந்த மன்னிப்பு வெறும் நாடகம்தான் என்று லாத்வியர்கள் சொல்லிக்காட்ட வசதியாயிற்று.

லாத்வியாவின் பக்கம்

உலகப் பத்திரிகைகள் பலவும் இதைக் கருத்துச் சுதந்திரத்துக்கு விழுந்த அடி என்றே எழுதின. மெதூசாவும் நோவாயா கசெத்தா ஐரோப்பாவும் முடிவைக் கண்டித்தன. எல்லைகளற்ற நிருபர்கள் அமைப்பும் கண்டித்தது. எனக்கும் உரிம ரத்து மிகையான தண்டனையாகத்தான் தெரிகிறது. வரைபடம், ஒரு சொல், ஒரு வாய்தவறல் என்று மூன்றையும் கூட்டிப் பார்த்தால் தேசப் பாதுகாப்பு அச்சுறுத்தல் என்ற தொகை வரவில்லை.

ஆனாலும் லாத்வியாவில் போய் நின்று பார்க்க வேண்டும். மக்கள்தொகை இருபது லட்சத்துக்கும் குறைவு. 1940-இல் சோவியத் படை உள்ளே வந்தது. 1941 ஜூன் 14 அன்று ஒரே இரவில் தொடங்கிச் சுமார் 15,000 பேரைச் சைபீரியாவுக்கு ரயிலேற்றினார்கள். 1949 மார்ச்சில் இன்னும் 42,000 பேர் அளவில். 1935-இல் நாட்டில் நாலில் மூன்று பேர் லாத்வியர்கள். 1989-இல் அது பாதிக்குச் சற்றே மேல் என்று சுருங்கியிருந்தது. இதைச் செய்த படையைச் சோவியத் பள்ளிப் புத்தகம் 'நாஷா ஆர்மியா' என்றுதான் சொல்லிக்கொடுத்தது. 2022 ஆகஸ்ட் 25 அன்று ரீகாவின் வெற்றிப் பூங்காவில் நின்ற 79 மீட்டர் உயரச் சோவியத் தூண் சாய்க்கப்பட்டு அருகிலிருந்த குளத்துக்குள் விழுந்தது. தோஷ்த் அங்கே ஒளிபரப்பைத் தொடங்கி ஐந்து வாரம்தான் ஆகியிருந்தது. எந்த ஊரில் குடியேறியிருக்கிறோம் என்று தெரிந்துகொள்ள அதைவிடப் பெரிய அறிவிப்புப் பலகை இருந்திருக்க முடியாது.

எதிரிக்கு எதிரி நண்பன் என்று தோஷ்த் நினைத்துவிட்டது. புதினை எதிர்க்கிறோம், போரை எதிர்க்கிறோம், சிறைக்குத் தப்பி வந்திருக்கிறோம். இதற்குமேல் என்ன அடையாள அட்டை வேண்டும் என்ற நினைப்பு. அவர்கள் வந்தது புதினிடமிருந்து. லாத்வியர்களின் பயம் புதினுக்கு முந்தையது. மாஸ்கோவில் அதிபர் மாறினால் தோஷ்த்தின் பிரச்சினை தீர்ந்துவிடும், லாத்வியாவின் பிரச்சினை தீராது. இந்த வித்தியாசத்தை ஓர் ஆசிரியர் குழு ஐந்து மாதத்தில் கற்றிருக்க வேண்டும். விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். இவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகவே அவகாசம் கிடைத்தது.

கிரெம்ளின் பேச்சாளர் திமித்ரி பெஸ்கோவுக்கு இது தானாக வந்து வாயில் விழுந்த கனி. வீட்டைவிட வெளியூரில் நன்றாக இருக்கும், அங்கே சுதந்திரம் இருக்கும் என்று சிலர் எப்போதும் நினைத்துக்கொள்கிறார்கள், அந்த நினைப்பு எவ்வளவு தவறு என்பதற்கு இது கண்முன் சாட்சி என்கிற பொருளில் பேசினார். உரிமத்தை ரத்து செய்தவர்கள் அந்த வாக்கியத்தை எந்த முகத்தோடு கேட்டார்கள் என்று தெரிந்தால் நன்றாக இருக்கும்.

பிறகு

2023 ஜனவரியில் நெதர்லாந்து ஐந்தாண்டு உரிமம் கொடுத்துவிட்டதாகத் தோஷ்த் அறிவித்தது. தலைமையகம் ஆம்ஸ்டர்டாமுக்கு மாறியது. நெதர்லாந்தில் ரஷ்யமொழி பேசும் பெரிய உள்நாட்டுச் சமூகம் இல்லை. ரஷ்யா எல்லையிலும் இல்லை. 'நாஷ்' என்ற சொல் அங்கே யாருடைய பாட்டியையும் சேர்த்துக்கொள்வதில்லை. புலம்பெயர் ஊடகம் ஒன்றுக்கு, தாய்நாட்டுக்கு மிக அருகில் இருப்பதைவிடச் சற்றுத் தள்ளியிருப்பதே பாதுகாப்பு என்று ஆகிவிட்டது. ஆனால் ரீகாவின் வசதிகளும் அதோடு போயின. கடைக்காரரிடம் ரஷ்யமொழியில் பேச முடியாது; வாடகையைச் சொன்னால் மயக்கம் வரும்.

2023 ஜூலையில் மாஸ்கோ அவர்களை 'விரும்பத்தகாத அமைப்பு' என்று அறிவித்தது. அதன்பின் ரஷ்யாவுக்குள்ளிருந்து நன்கொடை அனுப்புவதே வழக்குக்கு உரிய செயல். அதற்கு முன்பே, 2022 மார்ச்சில் பணஅட்டை நிறுவனங்களான விசாவும் மாஸ்டர்கார்டும் ரஷ்யாவில் சேவையை நிறுத்தியிருந்தன. ரஷ்யாவிலிருந்து பார்ப்பவர்களால் வரும் விளம்பர வருமானத்தைக் கூகுளும் நிறுத்தியிருந்தது. புதினுக்கு வலிக்க வேண்டும் என்று போட்ட தடைகள் புதினை எதிர்ப்பவர்களின் கல்லாப்பெட்டியையும் பூட்டின. 2024 கோடையில் யூடியூபே ரஷ்யாவில் ஊர்ந்து ஊர்ந்து ஓடத் தொடங்கியது.

இப்போது அவர்களுடைய நேரலையைத் திறந்தால், உள்ளூரிலிருந்து பணம் அனுப்பாதீர்கள், உங்களுக்கு ஆபத்து, வெளிநாட்டில் இருப்பவர்கள் அனுப்பினால் போதும் என்ற பொருளில் ஒரு வேண்டுகோள் வருகிறது. யாருக்காகச் சேனல் நடத்துகிறார்களோ அவர்களிடம் காசு வாங்கக்கூடாது. காசு கொடுப்பவர்களோ பெர்லினிலும் திபிலிசியிலும் இருக்கிறார்கள், ஏற்கெனவே 'நம்மவர்கள்'.